தராசு முத்திரை: செலவு யாருக்கு, லாபம் யாருக்கு?

காய்கறிக் கடை எலெக்ட்ரானிக் தராசில் சின்னதாக ஓர் ஈய முத்திரை கம்பியில் கோத்திருக்கும். அதில் ஆண்டும், எந்தக் காலாண்டு என்று காட்டும் ஏ, பி, சி, டி எழுத்துகளில் ஒன்றும் பதிந்திருக்கும். விற்பனைக்குப் பயன்படும் தராசை அரசு சோதித்து முத்திரை போட்டிருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை, எடைக்கல்லுக்கும் பழைய தட்டுத் தராசுக்கும் 24 மாதத்துக்கு ஒருமுறை. தமிழ்நாட்டில் இதைப் பார்த்துக்கொள்வது தொழிலாளர் துறை. சான்றிதழைக் கடையில் கண்ணில் படும்படி மாட்டவும் வேண்டும்.

அரசுக் கட்டணம் கடைக்காரரைப் பெரிதாகக் கடிக்காது. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் சரிபார்க்கும் கூலி தனி. அப்புறம், தராசு கையில் இல்லாத நேரம். சூப்பர் மார்க்கெட்டுக்கு இது கணக்கிலேயே வராது. தள்ளுவண்டிக்காரரிடம் இருப்பதோ ஒரே தராசு; அது போன நேரத்துக்கு வியாபாரமும் போச்சு. கட்டணத்தைக் குறைப்பதைவிட, முத்திரை முகாமைச் சந்தைக்கே கொண்டுவருவதுதான் இவர்களுக்கு உண்மையான சலுகை.

சரி, பலன்? கிலோவுக்கு 20 கிராம் குறைந்தால் வாங்குபவர் கைக்குத் தெரியாது. தினம் 100 கிலோ வெங்காயம் விற்கும் கடையில் அது 2 கிலோ. கிலோ 40 ரூபாய் என்றால் 80 ரூபாய். அதில் கிலோவுக்கு 50 காசு விலையைக் குறைத்துப் பலகையில் எழுதினாலும் அவருக்கு 30 ரூபாய் மிச்சம். கூட்டம் அங்கேதான் போகும். பக்கத்தில் நியாயமாக எடை போடுகிறவர் ஈ ஓட்ட வேண்டியதுதான். அதனால் இந்த விதி வாடிக்கையாளரை விட அவரைத்தான் அதிகம் காப்பாற்றுகிறது என்பேன்.

முத்திரை எல்லாவற்றையும் தடுக்காது. ஸ்வீட்டை அட்டைப்பெட்டியோடு நிறுத்தினால், முத்திரை போட்ட தராசிலும் பெட்டிக்கு மைசூர்பாகு விலைதான். காலிப் பெட்டியை வைத்து 'டேர்' பட்டனை அழுத்தி, சைபர் வந்தபின் ஸ்வீட்டை அடுக்கச் சொல்லுங்கள்.

பெட்ரோல் பங்குக்கும் இதே சட்டம். சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டக் கேட்கலாம். 25 மில்லி வரை வித்தியாசம் அனுமதி. புகாருக்குத் தொழிலாளர் துறை அலுவலகம் அல்லது 1915 என்ற நுகர்வோர் உதவி எண். பில்லைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள், முதலில் கேட்பது அதைத்தான்.