எச்.ஐ.வி. இருப்பதைத் துணைவரிடம் யார் சொல்லலாம்?

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017-இன் 9-ஆம் பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. சிகிச்சை தரும் மருத்துவரும் ஆலோசகரும் மட்டுமே சொல்லலாம். செவிலியரோ ஆய்வகப் பணியாளரோ சொல்லக் கூடாது.

அந்த இருவரும்கூட நினைத்தவுடன் சொல்லிவிட முடியாது. துணைவருக்குத் தொற்று பரவும் கணிசமான ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் வேண்டும். நீங்களே சொல்லுங்கள் என்று தொற்றுள்ளவருக்கு ஆலோசனை தந்திருக்க வேண்டும். அவர் சொல்லப்போவதில்லை என்பது உறுதியாக வேண்டும். பிறகு, "நான் சொல்லப்போகிறேன்" என்று அவரிடமே முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். நான்கும் சேர்ந்தே நிறைவேற வேண்டும். அதன் பிறகும் துணைவருக்கு ஆலோசனை தந்து, நேரில்தான் சொல்ல வேண்டும். போனிலோ கடிதத்திலோ அல்ல.

தொற்றுள்ளவர் ஏ.ஆர்.டி. எனும் எச்.ஐ.வி. கூட்டு மருந்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலை நீடித்தால், உடலுறவு வழியாகப் பரவாது. ஆகவே முதல் நிபந்தனையை எடைபோடும்போது வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) பரிசோதனை முடிவைப் பார்ப்பது அவசியம்.

தொற்றுள்ளவர் பெண்ணாக இருந்து, சொன்னால் அடி உதை விழும், கைவிடப்படுவார், அவருக்கோ பிள்ளைகள், பெற்றோருக்கோ கடும் பாதிப்பு வரும் என்று அஞ்ச நியாயம் இருந்தால், துணைவரிடம் சொல்லவே கூடாது. சட்டத்தின் மிக முக்கியமான பாதுகாப்பு இதுதான். எனவே வீட்டு நிலைமையை அவரிடம் தனியாகக் கேட்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது.

துணைவர் என்றால் கணவன், மனைவி, திருமணத்துக்கு ஒப்பான உறவில் இருப்பவர் மட்டுமே. எப்போதோ உறவு கொண்டவர் இந்த வரையறைக்குள் வரமாட்டார். அவரிடம் தொற்றுள்ளவரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் பேச முடியாது. துணைவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் கடமையும் மருத்துவருக்கு இல்லை.

நடைமுறையில் சிறந்த வழி, இருவரும் சேர்ந்து நம்பிக்கை மையத்துக்கு (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) வந்து ஆலோசகர் முன்னிலையில் பேசுவது. தாமதிக்கவும் கூடாது: தொற்று அபாயம் நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் 28 நாள் தடுப்பு மருந்து பலன் தரும்.

ரகசியம் கசிந்தால் மாநிலக் குறைதீர்ப்பாளரிடம் புகார் தரலாம். அவர் 30 நாளுக்குள் உத்தரவிட வேண்டும். சந்தேகங்களுக்கு 1097-ஐ இலவசமாக அழைக்கலாம்.