பட்டை வளரும், மூளை வளருமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவிய கைகளுக்கு ஒரு கணக்கு தெரியும்: கத்தி பட்டைக்குள் எவ்வளவு இறங்கலாம் என்பது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய, வழவழப்பான ஓர் அடுக்கு உண்டு. அதைத் தொடாமல் சீவினால் அதே இடத்தில் புதுப்பட்டை ஏறும். சில ஆண்டுகள் கழித்து அதையும் சீவலாம். கத்தி ஆழமாகப் பட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிப் போகும். கேம்பியம் எனப்படும் அந்த அடுக்கில்தான் மரத்தின் குருத்தணுக்கள், அதாவது பிரிந்து புதுப்புது அணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள், இருக்கின்றன.

எங்கள் வீட்டு வரிசையில் ஓர் அக்காவின் மகன் இரண்டு வருடத்துக்கு முன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டான். உயிர் பிழைத்தான், வலது கையின் அசைவு திரும்பவில்லை. போன மாதம் அக்கா ஒரு விளம்பரத் தாளோடு வந்தார். "தம்பி, இந்த ஸ்டெம் செல் கேப்சூல் சாப்பிட்டா கை வந்துருமா? வளையலை அடகு வச்சிரலாம்னு பாக்குறேன்."

மூளையில் அடிபட்டால் சேதம் அந்த நொடியோடு நிற்பதில்லை. சிதைந்த நரம்பணுக்களிலிருந்து குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் கொட்டுகிறது. அது பக்கத்து அணுக்களுக்குள் கால்சியத்தை அளவுக்கு மீறிப் புகவிட்டு அவற்றையும் கொல்கிறது. பிறகு வீக்கம், அழற்சி. இந்த இரண்டாம் சேதம் நாள்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் தொடரும். மூளையிலும் குருத்தணுக்கள் கொஞ்சம் உண்டு, ஆனால் ஓரிரு மூலைகளில் மட்டும். பால்மரத்தைப் போல உடம்பு முழுக்கச் சுற்றி ஓடும் அடுக்கு அதற்கு இல்லை.

அதனால் வெளியிலிருந்து அணுக்களைக் கொண்டுபோய் வைத்தால் என்ன என்று ஆய்வாளர்கள் முயன்றார்கள். வைத்த அணு நரம்பணுவாக மாறி ஓட்டையை அடைத்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். நடப்பது வேறு. 2013இல் ஃபுளோரிடா ஆய்வாளர்கள் அடிபட்ட எலிகளின் மூளையில் எலும்பு மஜ்ஜையிலிருந்து உருவாக்கிய அணுக்களை வைத்தார்கள். மூன்று மாதத்தில் அவற்றில் ஒரு சதவீதம்கூட மிஞ்சவில்லை. ஆனால் எலிகள் தேறின. வந்த அணுக்கள் சாவதற்குள் மூளையின் சொந்தக் குருத்தணுக்கள் இருக்கும் மூலையிலிருந்து காயம்வரை ஒரு பாதை போட்டுவிட்டிருந்தன. அந்தப் பாதை வழியே எலியின் சொந்த அணுக்கள் நடந்து வந்தன. காடு வெட்டி ரோடு போட்டுக் கொடுத்துவிட்டுப் போன நம் முன்னோர்தான் இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தார்கள். இது போக, அந்த அணுக்கள் அழற்சியைத் தணிக்கும் பொருள்களையும் நரம்பை வளர்க்கும் புரதங்களையும் சுரக்கின்றன.

அதே வகை அணுக்கள் மனிதர்களிடமும் சோதிக்கப்பட்டன. எஸ்பி623 என்று பெயர். அடிபட்டு ஓராண்டுக்கு மேலாகியும் கைகால் அசைவு குறைந்திருந்த 61 பேர் சேர்ந்தார்கள். 46 பேருக்கு மண்டையோட்டில் சிறு துளையிட்டு, காயத்தின் ஓரத்தில் அணுக்களைச் செலுத்தினார்கள். 15 பேருக்கு அறுவை செய்ததுபோல் பாவனை மட்டும். ஆறு மாதத்தில், 100 புள்ளி அசைவு அளவுகோலில் அணு பெற்றவர்கள் சராசரியாக 8.3 புள்ளி ஏறினார்கள், மற்றவர்கள் 2.3. இந்த அணுக்களுக்கு 2024 ஜூலையில் ஜப்பான் அனுமதி கொடுத்தது. அது நிபந்தனையோடு, காலவரம்போடு வந்த அனுமதி. பலன் உண்மைதானா என்று இன்னும் கூடுதல் நோயாளிகளிடம் காட்ட வேண்டும். 8.3 புள்ளியை நான் சிறிதாக நினைக்கவில்லை. படுத்தவன் எழுந்து ஓடுகிற கதையும் அது இல்லை.

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். மண்டையில் துளையிட்டு, மில்லிமீட்டர் கணக்குப் பார்த்து, காயத்தின் ஓரத்திலேயே உயிருள்ள அணுவை வைக்க வேண்டியிருக்கிறது. வாய்வழி போகிற எந்த அணுவும் வயிற்றில் சோறு குழம்போடு சேர்ந்து செரித்துப்போகும். அந்தத் தாளில் போட்டிருந்தது ஆப்பிளின் குருத்தணு. பால்மரத்தின் கேம்பியத்தைச் சுரண்டித் தின்றால் நமக்குப் பட்டை வளருமா?

அக்கா தாளை மடித்து வைத்தார். வளையல் கையிலேயே இருக்கிறது. கேப்சூலுக்கென்று எடுத்து வைத்திருந்த காசில் மகனை வாரம் இரண்டு தடவை ஈப்போவுக்குக் கைப்பயிற்சிக்குக் கூட்டிப் போகிறார்.