பழைய லைனைத் துண்டிக்கும் முன்

அலுவலகத் தொலைபேசிகளை கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியாக இயங்கும் சேவைக்கு, மாற்றித் தருவது என் வேலை. எந்தச் சேவை நல்லது, மாதம் எவ்வளவு ஆகும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: உங்களிடம் மொத்தம் எத்தனை லைன் இருக்கிறது? இதற்குச் சரியான பதில் பெரும்பாலும் யாரிடமும் இருப்பதில்லை.

ஒரு நான்கு மாடி அலுவலகத்தின் பில்லில் யாருக்கும் தெரியாத எண் ஒன்று இருந்தது. வீண் செலவு, ரத்து செய்துவிடலாம் என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒயரைத் தொடர்ந்து போய்ப் பார்த்தால், அது லிஃப்டுக்குள் இருக்கும் அவசரத் தொலைபேசிக்குப் போகிறது! தீ அலாரம், திருட்டு அலாரம், ஃபேக்ஸ், பழைய கார்டு மெஷின் எல்லாம் இப்படித்தான் மறந்துபோகும். பில்லில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் கூப்பிட்டு எங்கே மணி அடிக்கிறது என்று பாருங்கள். மணியே அடிக்காத எண்ணுக்கு ஒயரைத் தேடித்தான் போக வேண்டும். ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

பழைய செம்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும். கரண்ட் போனாலும் சாதாரண போன் பேசும். இணையம் வழியாகப் பேசும் ஐபி போன் அப்படி இல்லை. ரவுட்டர், ஸ்விட்ச், இணைய மோடம் என எல்லாவற்றுக்கும் யுபிஎஸ் வேண்டும்.

இணைய வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். குரலை டிஜிட்டலாக மாற்றி அனுப்பும் ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் நொடிக்குச் சுமார் 87 கிலோபிட் போதும். இருபது பேர் ஒன்றாகப் பேசினாலும் ஒரு திசையில் நொடிக்கு 2 மெகாபிட்டைத் தாண்டாது. குரல் போய்ச் சேரும் தாமதம்தான் முக்கியம். அது 150 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும். யாராவது பெரிய ஃபைலை அப்லோட் செய்தால் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். அதனால் ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்கிறதா? பல நேரம், இணைய அழைப்புகளின் தகவலை இடையில் மாற்றும், ரவுட்டரில் உள்ள 'எஸ்ஐபி ஏஎல்ஜி' என்ற அமைப்புதான் காரணம். அதை அணைத்துப் பாருங்கள்.

எண்ணைப் புதிய சேவைக்கு மாற்றும்போது மட்டும் அவசரமே கூடாது. மாற்றம் முடியும் முன்பே பழைய இணைப்பை ரத்து செய்தால், வருடக்கணக்காக வாடிக்கையாளர்கள் கூப்பிட்ட எண்ணே கைவிட்டுப் போகலாம். விண்ணப்பத்தில் பெயரும் முகவரியும் பழைய பில்லில் உள்ளபடியே இருக்கட்டும். சின்ன வித்தியாசத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மாற்றிய அன்று வெளியிலிருந்து ஒவ்வொரு எண்ணையும் கூப்பிட்டுப் பார்ப்பேன். அப்புறம் லிஃப்டுக்குள் போய் அந்த அவசரப் பொத்தானை அழுத்துவேன். மறுமுனையில் ஒரு குரல் கேட்ட பிறகுதான் பழைய லைனை ரத்து செய்யச் சொல்வேன்.