ஸ்காட்லாந்துப் பிரபுப் பட்டம்: யாருக்குப் போகும், எப்போது பறிபோகும்?

ஸ்காட்லாந்தில் ஒரு பிரபு இறந்தால் பட்டம் யாருக்குப் போகும் என்பதை, அதை வழங்கிய அரச பட்டயம்தான் தீர்மானிக்கும். 'ஆண் வாரிசுகளுக்கு' என்று அதில் எழுதியிருந்தால், சொந்த மகள் இருந்தாலும் பட்டம் பங்காளி வீட்டுக்குப் போய்விடும். அந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால், மகன் இல்லாத வீட்டில் மூத்த மகளே அதை ஏற்பாள். 1707இல் இங்கிலாந்தோடு ஒன்றாகும்வரை இன்னொரு வழியும் இருந்தது: பட்டத்தை அரசரிடமே திருப்பிக் கொடுத்து, தான் விரும்பிய வாரிசு வரிசையோடு புதிய பட்டயம் வாங்கிக்கொள்ளலாம்.

சரி, பறிபோனது எப்போது? ராஜத்துரோகம் செய்தால். 1870இல் இந்த முறை ஒழியும்வரை, நாடாளுமன்றம் ஒருவரைத் துரோகி என்று சட்டம் போட்டு அறிவித்துவிட்டால் உயிர், நிலம், பட்டம் மூன்றும் போய்விடும் என்ற நிலை இருந்தது. அதைவிடக் கொடியது, அவருடைய 'ரத்தமே கெட்டுவிட்டது' என்ற சட்டக் கருத்து. அதனால் அப்போது பிறந்திராத பேரன்கூட அவர் வழியாக எதையும் கேட்க முடியவில்லை. இது எனக்கு இன்றும் பெரிய அநியாயமாகவே படுகிறது.

மார் குடும்பத்துக்கு அதுதான் நடந்தது. 1715இல், முன்பு ஆண்ட ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் அரியணையில் ஏற்ற, ஸ்காட்லாந்தின் பிரேமாரில் கலகக் கொடி ஏற்றினார் மார் பட்டத்தின் ஏர்ல் (பிரபுக்களில் ஒரு படிநிலை) ஜான் எர்ஸ்கின். ஷெரிஃப்மியூர் போருக்குப் பின் கலகம் தளர்ந்தது. 1716இல் அவர் பிரான்சுக்குத் தப்பினார், பட்டம் பறிக்கப்பட்டது. அது குடும்பத்துக்குத் திரும்பியது 1824இல்தான், நாடாளுமன்றம் போட்ட தனிச் சட்டத்தால். பெற்றுக்கொண்டவர் அவருடைய மகள் வயிற்றுப் பேரன். அப்போது அவருக்கு எண்பது வயது கடந்திருந்தது. மறு ஆண்டே இறந்துபோனார். லோவட் பிரபு குடும்பம் இன்னும் நெடுநாள் காத்திருந்தது. அந்தப் பட்டத்தை வைத்திருந்த சைமன் ஃப்ரேசரின் தலை 1747இல் ராஜத்துரோகத்துக்காக வெட்டப்பட்டது. பட்டத்துக்கான குடும்பத்தின் உரிமை மீண்டும் ஏற்கப்பட்டது 1857இல்.

மார் பட்டத்தின் வழக்கு அதோடு முடியவில்லை. 1866இல் அப்போதைய ஏர்ல் பிள்ளையில்லாமல் இறந்தார். சகோதரி மகன் ஒரு பக்கம், ஆண்வழி உறவினரான, கெல்லி என்ற வேறொரு பட்டத்தின் ஏர்ல் மறுபக்கம் என இருவர் உரிமை கேட்டனர். மார் பட்டம் 1565இல் ஆண்வழிக்கென வழங்கப்பட்டது என்று கூறி, 1875இல் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை கெல்லி பக்கம் தீர்ப்பளித்தது. பலரும் ஏற்கவில்லை. அப்புறம் 1885இல் ஒரு சட்டம், 1565க்கு முந்தைய பழைய மார் பட்டமும் அழியவில்லை என்று சொல்லி அதைச் சகோதரி மகனுக்கு உறுதி செய்தது. அதனால் இன்று மார் என்ற பெயரில் இரண்டு ஏர்ல் பட்டங்கள் உள்ளன. பழையது பெண்களுக்கும் இறங்கும் என்பதால்தான், 1975இல் தந்தை இறந்ததும் மூத்த மகள் மார்கரெட் அதை ஏற்று, 2020 வரை பிரபுக்கள் சபையில் அமர்ந்தார்.