மின்கம்பியில் இணையம்: பத்து மீட்டருக்கும் முப்பது மீட்டருக்கும் நடுவே

சென்ற மழைக்காலத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். பள்ளிப் பருவம் தொட்டுச் சிற்றலை வானொலி கேட்பவர். “தம்பி, ஒரு மாதமாக ரேடியோவில் எதுவும் எடுக்கவில்லை. எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம்தான். செட்டில் கோளாறில்லை என்று மெக்கானிக் சொல்லிவிட்டார்” என்றார். மின்கருவிகள் கக்கும் ரேடியோ இரைச்சலை அளப்பதுதான் என் பிழைப்பு. அளவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு அவருடைய அடுக்ககத்துக்குப் போனேன்.

9.4 முதல் 9.9 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஒலிபரப்புப் பட்டை முழுவதும் இரைச்சல். ஆனால் 7.0 இல் சட்டென்று ஒரு பள்ளம், 7.3 இல் மறுபடி மேலேறியது. 14.0 முதல் 14.35 வரை இன்னொரு பள்ளம். பழுதான டியூப்லைட் சோக்கு இப்படி இடம் பார்த்து வாயை மூடாது. ஹாம், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்பவர்களின் பட்டைகளில் மட்டும் அமைதி காக்கும்படி பழக்கப்பட்ட கருவி இது. ஒவ்வொரு வீடாகக் கேட்டதில், கீழ்த்தளத்து இளைஞர் வைஃபை எட்டாத படுக்கையறைக்காக இரண்டு அடாப்டர்கள் வாங்கியிருப்பது தெரிந்தது. சுவரில் இருக்கும் பிளக்கில் செருகினால் வீட்டு மின்சார வயரிலேயே இணையம் ஓடும். நம் நாட்டில் ஹாம் பட்டை 7.2 இல் முடிகிறது, அமெரிக்காவில்தான் 7.3 வரை. சென்னை மாடிப்படியில் நின்று அமெரிக்க அலைப்பங்கீட்டின் தழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தழும்புக்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. என் தொழிலில் இருப்பவர்கள் மறக்கக் கூடாத சண்டை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மின்கம்பத்தில் கட்டிச் செல்லும் கண்ணாடியிழைக் கேபிள் வேறு. அதனால் ரேடியோவுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. மின்வாரியங்கள் பல பத்தாண்டுகளாக உயரழுத்தக் கம்பிகளில் சில நூறு கிலோஹெர்ட்ஸ் அளவில் செய்தி அனுப்புவதும் வேறு. துணைமின் நிலையங்களில் கம்பியோடு தொங்கும் பீப்பாய் போன்ற சுருளைப் பார்த்திருப்பீர்கள், அந்த வேலைக்கானதுதான். நான் பேசுவது மின்கம்பிக்குள்ளேயே அகலப்பட்டை இணையத்தை ஓட்டுவதைப் பற்றி. அதற்கு ஏறத்தாழ 2 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை, சில அமைப்புகளில் 80 வரையும் தேவைப்படுகிறது.

தொலைபேசிக் கம்பிகளை இரண்டிரண்டாக முறுக்கியிருப்பார்கள். ஒரு கம்பி வெளியிடுவதை மற்றது அழித்துவிடும். கேபிள் டிவி வயருக்கு மேலே உலோக உறை உண்டு. தெருவில் போகும் மின்கம்பிக்கு முறுக்கும் கிடையாது, உறையும் கிடையாது. 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அதில் மெகாஹெர்ட்ஸ் கணக்கில் சமிக்ஞையை ஏற்றினால் அந்தக் கம்பி ஆன்டெனா ஆகிவிடும். கிலோமீட்டர் நீள ஆன்டெனா! அது ஒலிபரப்பும் அதிர்வெண்களோ அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி உலகைச் சுற்றக்கூடியவை. கப்பல், விமானம், ராணுவம், ஹாம்கள், சிற்றலை ஒலிபரப்பு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

அமெரிக்கா இதில் இறங்கும் முன்பே தொல்லை தெரிந்திருந்தது. 1997 இல் இங்கிலாந்தின் நார்வெப் மின் நிறுவனமும் நார்டெல் தொலைத்தொடர்பு நிறுவனமும் சேர்ந்து மான்செஸ்டர் பக்கம் சோதனை நடத்தின. தெருவிளக்குக் கம்பங்களே ஆன்டெனாவாக வேலை செய்தன. 1999 இல் கடையைக் கட்டினார்கள். ஜப்பான் அரசு 2002 இல் ஆராய்ந்து பார்த்து, வேண்டாம் என்று தள்ளிவைத்தது. 2006 இல் வீட்டுக்குள் மட்டும் அனுமதித்தது.

அமெரிக்கக் கூட்டமைப்புத் தகவல் தொடர்பு ஆணையத்துக்கு அன்றைக்கு வேறு கணக்கு இருந்தது. தொலைபேசி ஒரு கம்பி, கேபிள் இரண்டாவது கம்பி. மின்சாரம் மூன்றாவதாக வந்தால் போட்டி பெருகும், கிராமத்துக்கும் இணையம் போகும். நல்ல ஆசைதான். மைக்கேல் பாவெல் தலைவராக இருந்தபோது, 2004 அக்டோபர் 14 அன்று விதிகளை நிறைவேற்றினார்கள். இடையூறு வந்தால் குறிப்பிட்ட அலைவரிசையில் பள்ளம் தோண்டும் வசதி வேண்டும், தொலைவிலிருந்தே நிறுத்தும் வசதி வேண்டும், எங்கெங்கே ஓடுகிறது என்ற பட்டியல் பொதுவில் இருக்க வேண்டும், விமானப் பயன்பாட்டுக்கான சில பட்டைகளைத் தொடவே கூடாது. காகிதத்தில் படித்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் அதே அரசின் இன்னொரு கரமான தேசியத் தொலைத்தொடர்பு, தகவல் நிர்வாகம் அந்த ஏப்ரலிலேயே ஒரு அறிக்கை தந்திருந்தது. மெல்லிய சமிக்ஞைகளைக் கேட்கும் நிலையான வானொலி நிலையத்துக்குக் கம்பியிலிருந்து 460 மீட்டர் வரைகூட இடையூறு நேரக்கூடும் என்றது. ஊருக்குள் எந்த வீடு மின்கம்பியிலிருந்து 460 மீட்டர் தள்ளி இருக்கிறது?

இனி என் தொழிலுக்குள் வருகிறேன். 1.7 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை அமெரிக்க வரம்பு, 30 மீட்டர் தூரத்தில் மீட்டருக்கு 30 மைக்ரோவோல்ட். அலையின் புல வலிமையை அப்படித்தான் சொல்வார்கள். தெருவில் ஆன்டெனாவை நிறுத்தி 30 மீட்டரில் அளப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். நடுவில் வீடு இருக்கும், மரம் இருக்கும். எனவே 10 மீட்டரில் அளந்துவிட்டு, 30 மீட்டரில் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடுவார்கள். தூரம் பத்து மடங்கானால் 40 டெசிபல் குறையும், அதாவது புலம் நூறில் ஒரு பங்காகும் என்பது ஆணையம் வைத்த சூத்திரம். அதன்படி 10 மீட்டரில் 270 வரை இருக்கலாம்; தூரம் மூன்று மடங்கானால் புலம் ஒன்பதில் ஒரு பங்கு, ஒன்பதால் வகுத்தால் 30, தேர்ச்சி. நீண்ட கம்பியிலிருந்து கசியும் அலை அவ்வளவு வேகமாகக் குறையாது, 20 டெசிபலை ஒட்டித்தான், அதாவது பத்தில் ஒரு பங்காகத்தான் குறைகிறது என்றது அமெரிக்க ஹாம்களின் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல். அந்தக் கணக்கில் 10 மீட்டரில் 90 க்கு மேல் போகக் கூடாது. 270 எங்கே, 90 எங்கே! புலத்தில் மூன்று மடங்கு, திறனில் ஒன்பது மடங்கு. வரம்பை யாரும் தொடவில்லை. தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். இந்த ஒரு வரிக்காகவே நான் இளைய பொறியாளர்களிடம் சொல்வது: வரம்பைப் படிக்கும் முன் அளக்கும் முறையைப் படியுங்கள்.

சங்கம் வழக்குப் போட்டது. 2008 ஏப்ரல் 25 அன்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆணையம் தன் ஊழியர்கள் செய்த ஆய்வுகளை நம்பி விதி எழுதிவிட்டு, அந்த ஆய்வுகளின் சில பகுதிகளைக் கறுப்படித்து வெளியிட்டிருந்தது. அது தவறு, மறைத்ததை வெளியிடு, அந்த 40 ஏன் என்பதற்கும் தக்க காரணம் சொல் என்றது நீதிமன்றம். இடையூறு பற்றிய ஆணையத்தின் மற்ற முடிவுகளில் அது கைவைக்கவில்லை. ஆணையம் 2011 இல் மறுபடி உட்கார்ந்து, பள்ளத்தின் ஆழத்தை 20 டெசிபலிலிருந்து 25 ஆக்கியது. 40 என்ற எண்ணைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டது. ஒரு தொழில்நுட்பத்தை வளர்க்க ஆசைப்பட்டவரே அதற்கு நீதிபதியாகவும் இருந்தால் இப்படித்தான் ஆகும் என்பது என் எண்ணம்.

விதியில் எனக்கு உறுத்துவது இன்னொன்று. இந்தக் கருவிகள் உரிமம் பெற்ற சேவைக்குத் தீங்கான இடையூறு செய்யக் கூடாது என்கிறது சட்டம். ஆனால் இடையூறு இருக்கிறது என்று நிரூபிக்க அலைய வேண்டியவர் பாதிக்கப்பட்டவர்தான். வர்ஜீனியா மாநிலத்தின் மனாசஸ் நகரில் 2005 இல் ஊர் முழுவதும் மின்கம்பி இணையம் வந்தது. நகராட்சிக்குச் சொந்தமான மின் விநியோகம் என்பதால் எளிதாக முடிந்தது. அங்குள்ள ஹாம்கள் ஆண்டுக்கணக்கில் புகார் எழுதினார்கள்.

கடைசியில் அதை மூடியது விதியும் இல்லை, ஹாமும் இல்லை, வரவு செலவு. வாடிக்கையாளர்கள் சில நூறு பேரைத் தாண்டவில்லை. 2010 இல் நகர மன்றம் சேவையை நிறுத்தியது. மின்மாற்றி இந்தச் சமிக்ஞையை உள்ளே விடாது. ஒவ்வொன்றையும் சுற்றிப்போக ஒரு பெட்டி வேண்டும். அமெரிக்காவில் ஒரு சின்ன மின்மாற்றிக்குக் கீழே சில வீடுகள்தான். பெட்டிச் செலவு கட்டாது. மிக்சியும் சார்ஜரும் போடும் இரைச்சல் வேறு வேகத்தைத் தின்றது. டல்லாஸில் போட்ட வலைப்பின்னலை 2008 இல் ஆன்கோர் மின் நிறுவனம் வாங்கி, இணையத்துக்குப் பதிலாக மின்கட்டமைப்பைக் கண்காணிக்க வைத்துக்கொண்டது. அதற்கு அது ஏற்ற தொழில்நுட்பம்தான்.

சிற்றலையை இன்று யார் கேட்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்கா அந்த விதியை நிறைவேற்றிய பத்து வாரத்தில் சுனாமி வந்தது. பாரதி பிரசாத்தின் ஹாம் குழு வேறு வேலையாகப் போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்தது. தொலைபேசி அறுந்துபோன அந்தமானிலிருந்து நிலப்பகுதிக்குச் செய்தி அனுப்பியது அவர்களுடைய சிற்றலைக் கருவிகள்தான். மறுமுனையில் கேட்டவர்களின் வீட்டு வாசலில் 270 மைக்ரோவோல்ட் இரைச்சல் இருந்திருந்தால் அந்த மெல்லிய குரல் காதில் விழுந்திருக்காது.

உங்கள் வீட்டில் சந்தேகம் இருந்தால், பேட்டரியில் ஓடும் சிற்றலை ரேடியோ ஒன்றை எடுங்கள். 9.5 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வைத்து, வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் நின்றால் திருடன் உள்ளேதான். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பாருங்கள். நிற்காவிட்டால் ரேடியோவோடு மாடிப்படியில் நடந்து, எந்த வாசலில் கூடுகிறது என்று கவனியுங்கள். உரிமம் பெற்ற ஹாம் என்றால் நேரம், அலைவரிசை எழுதிய குறிப்போடு மத்திய அரசின் வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்பிடம் போகலாம். அடாப்டர் வாங்க நினைப்பவர்களுக்கு: வயர் இழுக்க வழி இருந்தால் வயரே நல்லது. வழியே இல்லையென்றால் வாங்குங்கள், யூபிஎஸ்ஸிலோ மின்னெழுச்சித் தடுப்புப் பலகையிலோ செருகாதீர்கள். அவை சமிக்ஞையை விழுங்கிவிடும்.

கீழ்த்தளத்து இளைஞர் நல்ல பிள்ளை. விஷயத்தைச் சொன்னதும், “எனக்குத் தெரியாது சார்” என்று உடனே பிடுங்கிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை இருபது மீட்டர் லேன் கேபிளை நானும் அவரும் சன்னல் ஓரமாக இழுத்துப் படுக்கையறையில் சேர்த்தோம். ஆசிரியர் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து, எங்கள் முன்னாலேயே முள்ளைத் திருப்பினார். ஏதோ ஒரு நாட்டுப் பாட்டு, மொழி புரியவில்லை, தெளிவாக வந்தது. போன வாரம் மறுபடி அழைத்தார்: “தம்பி, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு ரீங்காரம்.” எதிர்வீட்டு எல்.இ.டி. விளக்கு என்று நினைக்கிறேன். சனிக்கிழமை போகிறேன்.