கணவாய்: சொல்லும் வழியும்

இரண்டு மலைகளுக்கு நடுவே தாழ்ந்து, ஆள் கடக்க இடம் விடுகிற வழிதான் கணவாய். பலருக்கு இந்தச் சொல் பழக்கமானது பள்ளிப் பாடத்தின் கைபர், போலன் கணவாய்களால். கடலோரத்துக்காரர்களுக்கு மட்டும் முதலில் நினைவுக்கு வருவது கணவாய் மீன். அது வேறு, இது வேறு.

'வாய்' என்றால் வழி, திறப்பு. ஆரல்வாய்மொழியிலும் அது இருக்கிறது. முன்பாதியான 'கண' என்பதற்கு வலிந்து பொருள் கட்டுவதைவிட, பக்கத்து மொழிகளைப் பார்ப்பது நல்லது. கன்னடத்தில் கணிவெ, தெலுங்கில் கனும. எல்லாம் ஒரே குடும்பம்.

நல்ல எடுத்துக்காட்டு பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவே சுமார் 30 கி.மீ. அகலத்துக்குத் திறந்த வெளி. கோவையிலிருந்து ரயிலில் போகிறவர் கண்ணயர்ந்தால், மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்ததே தெரியாது. மேற்குக் கரையின் முசிறித் துறைமுகத்தையும் கொங்கு நாட்டையும் இணைத்த பழைய வணிக வழி இதுதான். நொய்யல் கரையில் கொடுமணலில் கல்மணிகள் செய்தார்கள். கோவை வட்டாரத்தில் ரோமானிய நாணயங்கள் புதையலாகக் கிடைத்தன. சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்துப் பாறையில் 'இராசகேசரிப் பெருவழி' என்று சோழர் காலக் கல்வெட்டு இருக்கிறது, தமிழ் எழுத்திலும், கேரளப் பக்கம் வழங்கிய வட்டெழுத்திலும். இந்தப் பக்கத்து ஆளும் படிக்க வேண்டும், அந்தப் பக்கத்து ஆளும் படிக்க வேண்டும் என்று நினைத்திருப்பார்கள் போல. 1862-இல் சென்னையிலிருந்து மலபார்க் கரையின் பேப்பூர் போன ரயில் பாதையும் இந்த வழியைத்தான் பிடித்தது. தென்மேற்குப் பருவக்காற்றும் இதற்குள் புகுந்துதான் உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றுகிறது.

சங்க இலக்கியத்தில் உப்பு வண்டியோடு உமணர் போன கடினமான காட்டு வழிக்குச் சுரம் என்று பெயர். மலையாளத்தில் அது 'ச்சுரம்' என்று ஒலித்து, இன்றும் கணவாயைக் குறிக்கிறது. தாமரச்சேரிச் சுரம் எல்லோருக்கும் தெரியும். நாம் அதை மீட்க முடியாது. இங்கே சுரம் என்றால் பாராசிட்டமால்தான் ஞாபகம் வரும்.

அப்புறம், 'காட் ரோடு'. காட் என்பது மராத்தியில் மலையிறங்கும் வழி. ஐரோப்பியர் அதை மலைத்தொடருக்கே பெயராக்கிவிட்டார்கள். கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறுகிற சாலைக்கு மலைப்பாதை என்ற சொல் போதும். கணவாயை அதற்குப் போட வேண்டாம். அது மலை தானே விட்ட இடைவெளிக்கு உரியது.