விரல் வெட்டு மூடுகிறது, வாய்ப்புண் ஏன் ஊர்ந்து போகிறது?

பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகிற பெண்களின் விரல்களைப் பார்த்திருக்கிறீர்களா? மரிக்கொழுந்து என்று அவர்கள் சொல்கிற கடல்பாசி பாறையை ஒட்டி முளைக்கும். பிய்க்கும்போது பாறை கையைக் கீறாமல் விடாது, அதனால் துணியைக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டுதான் முங்குவார்கள். என் பெரியம்மா நாற்பது வருஷம் அப்படி முங்கியவர். எந்த வெட்டும் பத்து நாளில் மூடிவிடும். ஆனால் கன்னத்தின் உள்பக்கம், வெற்றிலையும் புகையிலையும் அடக்கி வைக்கிற அதே இடத்தில் வந்த புண் மூடவே இல்லை. புற்றுநோய். புண் ஒரு ரூபாய்க் காசு அளவுதான், ஆனால் டாக்டர் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் நல்ல சதையோடு எடுத்து, கழுத்தில் நெறி கட்டுமே, அந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார். "இம்புட்டுப் புண்ணுக்குக் கழுத்த எதுக்குய்யா அறுத்தாக?" என்று பெரியம்மா கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் அவருடைய விரலிலேயே இருந்தது. தோலில் வெட்டு விழுந்ததும் ஓரத்துச் செல்கள் பக்கத்துச் செல்லோடு இருக்கும் பிடியைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு கூட்டமாக நகரத் தொடங்கும். செல்லுக்குக் கால் கிடையாது. முன்பக்கம் ஆக்டின் என்ற புரத இழைகள் வளர்ந்து சவ்வைத் தள்ளும், இன்டெக்ரின் என்ற புரதம் தரையைப் பற்றிக்கொள்ளும், பின்பக்கம் மயோசின் என்ற புரதம் அந்த இழைகளைச் சுருக்கி உடம்பை இழுக்கும். நங்கூரத்தை முன்னால் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுக் கயிற்றை இழுத்து வள்ளத்தை நகர்த்துவது மாதிரி. எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் செல் மீது முட்டியதும் இரண்டும் நின்றுவிடும். இப்படி முட்டினால் செல்கள் நிற்பதை மைக்கேல் அபர்கிராம்பி என்ற உயிரியலாளர் 1950களிலேயே கவனித்து எழுதினார்.

புற்றுசெல் புதிதாக எந்த வித்தையும் கற்றுக்கொள்வதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். இதே நடையைத்தான் அதுவும் நடக்கிறது, நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் நிற்பதில்லை. 1986இல் ஹரால்ட் ட்வோராக் என்ற மருத்துவர் கட்டிகளை 'ஆறாத புண்கள்' என்றே வர்ணித்தார்.

வாயின் மேல்தோலுக்கு அடியில் அடித்தளச் சவ்வு என்று ஒரு மெல்லிய விரிப்பு இருக்கிறது, அதைத் தாண்டாதவரை கட்டி இருந்த இடத்திலேயே கிடக்கும். தாண்டுவதற்குப் புற்றுசெல் ஒரு சிறு நீட்சியை ஊன்றி, புரதத்தைக் கரைக்கும் நொதிகளை அங்கே கொட்டி ஓட்டை போடுகிறது. செல்லின் உடம்பு எப்படியும் வளையும், ஆனால் நடுவில் இருக்கும் உட்கரு விறைப்பானது. இடுக்கு ரொம்பச் சிறியதாக இருந்தால் அது சிக்கிக்கொள்ளும். ஆகவே ஒன்று கரைத்து வழியை அகலமாக்க வேண்டும், அல்லது ஏற்கெனவே அகலமான வழி கிடைக்க வேண்டும்.

அந்த வழியைப் போட்டுக் கொடுப்பது நம் சொந்தச் செல்கள்தான்! 2007இல் லண்டனில் எரிக் சஹாய் குழுவினர் தோல், வாய் வகைப் புற்றுசெல்களை ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளோடு சேர்த்து வளர்த்தார்கள். காயம் பட்டால் சதையைக் கட்டிக் கொடுக்கிற செல்கள் இவை. அவை சதையைத் தாங்கும் கொலாஜன் என்ற புரத இழைகளை விலக்கிக்கொண்டு முன்னால் போக, புற்றுசெல்கள் வரிசையாக அதே தடத்தில் பின்னால் போயின. 2017இல் பார்சிலோனாவில் நடந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: முன்னால் போகிற ஃபைப்ரோபிளாஸ்ட் பின்னால் வருகிற புற்றுசெல்லோடு கைகோத்தபடி அதை இழுத்துக்கொண்டு போகிறது. இருவர் கையும் வேறு வேறு புரதம், புற்றுசெல் பக்கம் இ-கேடரின், ஃபைப்ரோபிளாஸ்ட் பக்கம் என்-கேடரின்.

கைகோப்பது ஒரு பேச்சு என்றால், தூரத்திலிருந்து பேசுவதும் உண்டு. மார்பகப் புற்றுநோயில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். புற்றுசெல் சிஎஸ்எஃப்-1 என்ற புரதத்தை வெளிவிடும். அதை உணர்ந்து மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணு கிட்டே வரும். அது இஜிஎஃப் என்ற இன்னொரு புரதத்தை வெளிவிட, புற்றுசெல் அதை நோக்கி நகரும். இப்படி மாறி மாறிக் கூப்பிட்டபடி இரண்டும் ரத்தக்குழாய் வரை போய்விடுகின்றன. கிருமியை விழுங்க வேண்டிய செல் இங்கே துணைக்குப் போகிறது. இதைப் படித்தபோது மனசு கனத்துப்போனது.

சரி, கரைக்கும் நொதியை மருந்தால் தடுத்தால் போதாதா? 1990களில் அந்த மருந்துகளைப் பெரிய நம்பிக்கையோடு நோயாளிகளிடம் சோதித்தார்கள், பலன் கிடைக்கவில்லை. நோய் முற்றிய பிறகு கொடுத்தது ஒரு காரணம். அந்த நொதிகளில் சில உடம்புக்கு நல்லதும் செய்பவை. அதுபோக, கரைக்க முடியாவிட்டால் சில செல்கள் உருண்டு திரண்டு, இருக்கிற இடுக்கு வழியே பிதுங்கிப் போய்விடுகின்றன.

அப்புறம் பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன், வெற்றிலைக்காம்பால் தரையில் கோடு கிழித்துக் காட்டி. கண்ணுக்குத் தெரிகிற புண் நடுவில் இருக்கிறது, அதிலிருந்து வேர் மாதிரிச் செல் வரிசைகள் நல்ல சதைக்குள் போயிருக்கலாம், அதற்குத்தான் அந்த ஒரு சென்டிமீட்டர். வாயிலிருந்து நிணநீர் முதலில் வடிகிற இடம் கழுத்து. எடுத்த முடிச்சுகளைப் பரிசோதித்தபோது ஒன்றில் புற்றுசெல்கள் இருந்தன, வெளியே கட்டி எதுவும் தட்டுப்படவே இல்லை. பெரியம்மா கழுத்துத் தழும்பைத் தடவிக்கொண்டே கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப அந்த ஒண்ணு அங்கன வரைக்கும் நடந்தே போயிருச்சாக்கும்" என்றார்.